மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமியின் திரைப்பணி

தமிழர் தம் பெயருக்கு முன் இடும் எழுத்துகளில் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் அடங்குதல் பெருவழக்கு. எம். எஸ். சுப்புலட்சுமி என உலகறிந்த பெயரிலோ முதலெழுத்து மதுரையையும், அடுத்த எழுத்துச் சண்முகவடிவு என்னும் அன்னையையும் குறிக்கின்றன. ஓர் ஊரையும் ஒரு தாயையும் சுட்டும் இவ்விரண்டு எழுத்துகளை அவ்வம்மையார் 1940-இல் மணம் புரிந்த பின்னரும் மாற்றிக்கொள்ளவில்லை. 1998-இல் பாரத ரத்னா விருது பெற்றபோதும், 2004 டிசம்பர் 11-ஆம் நாள் மறைந்தபோதும் அவர் எம். எஸ். ஆகவே இருந்தார். அவருடைய இசையைப் பற்றி எழுதினோர் பலர். அவர் திரைப்பட நடிகையாக விளங்கிய ஆண்டுகளை அவர்களுட் பலர் ஒரு பத்தியிற் கூறி அப்பாற் சென்றுவிடுகின்றனர். இசைவாழ்வின் இடையே நேர்ந்த சிறு வழிவிலகல் என அதனைக் கருதுவாரும் உளர். இக்கருத்துப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1938 முதல் 1947 வரை அமைந்த அப்பத்தாண்டுகளே அவரது வாழ்க்கையைத் திருப்பியமைத்தன என்பது எம் கருத்து.

மதுரைக்கு மேற்கே காளவாசலில் நின்று கிழக்கு நோக்கி வருவோர் அரசரடியைக் கடந்து, இருப்புப்பாதையைத் தாண்டி, வெளிவீதிக்குள் புகுந்தால் நகரின் பழைய தெருக்களை அடைவர். காளவாசல் என்பது சூளையைக் குறிக்கும் சொல். ஊர்ப்புறத்துத் தொழிலை உணர்த்தும் பெயர். வெளிவீதிக்கு உட்பட்ட மதுரையோ கோயிலை நடுவாகக் கொண்டு வீதி வீதியாக அமைந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு அண்மையிலுள்ள அனுமந்தராயன் கோயில் தெருவில், 1916 செப்டம்பர் 16-ஆம் நாள் சுப்புலட்சுமி பிறந்தார். வீட்டில் அவரைக் குஞ்சம்மா என அழைத்தனர். தாயார் சண்முகவடிவு வீணையில் வல்லவர். பாட்டியார் அக்கம்மாள் வயலின் வாசித்தவர். உடன்பிறந்த சக்திவேல் மிருதங்கம் பயின்றார். தங்கை வடிவாம்பாள் வீணை பயின்றார். இசை அவ்வீட்டில் தாய்வழியாகவே வந்தது. இசையையும் நடனத்தையும் குலத்தொழிலாகக் கொண்டிருந்த தேவதாசி மரபினர் அவர்கள். அம்மரபில் மகளிரே குடும்பத்தின் தலைமையும் வருவாயும் ஆவர். பெயரின் முன்னெழுத்துத் தாயினதாக அமைந்தமைக்குக் காரணம் இதுவே.

தம் முதல் மேடையைப் பற்றி அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை யாரோ தூக்கிச்சென்று, கையிலும் ஆடையிலும் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சேதுபதி பள்ளியில் நடந்த தாயாரின் நிகழ்ச்சியில் அமர்த்திப் பாடச் சொன்னார்களாம். பாடி முடித்ததும் மீண்டும் விளையாட ஓடிவிட்ட குழந்தைக்கு அது அரங்கேற்றம் எனத் தோன்றியிருக்க இயலாது. மதுரை சீனிவாச ஐயங்காரிடம் தொடங்கிய முறையான பயிற்சி அவருடைய மறைவினால் விரைவில் நின்றது. பத்து அகவை அளவிலேயே, தாயாரின் வீணையோடு இயைந்த அவரது குரல் இசைத்தட்டில் பதிவாயிற்று.

இனி, அந்நாளைய மதுரையின் நாடகச் சூழலையும் சிறிது நோக்குதல் வேண்டும். 1918-இல் சங்கரதாச சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தோற்றுவித்தது இந்நகரிலேதான். பாட்டாலேயே கதையை நடத்திச்செல்லும் நாடகமரபு அது. 1931 அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த காளிதாஸ் என்னும் படத்துடன் தமிழ்ப் பேசும்படம் தோன்றியபோது, அது நாடகமேடையின் பாட்டையே பெருமளவு சுமந்து வந்தது. அப்படத்தின் கதைத்தலைவி டி. பி. இராஜலட்சுமியும் மேடையிலிருந்து வந்தவரே. அக்காலத்தில் பின்னணிப் பாடல் என்னும் முறை ஏற்படவில்லை. நடிப்பவரே பாடுதல் வேண்டும். அதுவும் ஒலிப்பதிவுக் கருவியின் முன் நடித்துக்கொண்டே பாடுதல் வேண்டும். அதனால் முகப்பொலிவினும் குரலே படமுதலாளிகளால் முதலில் தேடப்பட்டது. 1935-இல் வெளிவந்த நந்தனாரில் கே. பி. சுந்தராம்பாளுக்கு ஓரிலட்சம் ரூபாய் ஊதியமாக அளிக்கப்பட்டது இக்காரணத்தினாலேயே. அப்படத்தில் அவருடன் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். முசிரி சுப்பிரமணிய ஐயர் துக்காராமாகத் தோன்றினார். கச்சேரி மேடையினர் திரைக்கு வந்த காலம் அது. அவ்வரிசையில் ஒருவராகவே சுப்புலட்சுமியும் வந்தார் எனல் பொருந்தும்.

ஆயினும், அவர் வந்த காலம் அவர் பிறந்த மரபினர்க்குக் கடுமையான சோதனைக் காலம். சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1920-களின் இறுதி முதல் முயன்றுவந்தார். தேவதாசியர் சிலர் சங்கமாகக் கூடி அதனை எதிர்த்து மனு அளித்தனர். அதே மரபினின்றும் எழுந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அவ்வழக்கத்தைக் கடிந்து 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்னும் நாவலை வெளியிட்டார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. சட்டம் ஒரு தீமையை நீக்கியது என்பதில் ஐயமில்லை. எனினும், தாய்வழிக் குடும்பங்களில் வளர்ந்த கலைமகளிர் அனைவரும், தொழிலால் எத்துணை உயர்ந்தவராயினும், தம் பிறப்பைப் பற்றி ஊரார் பேசும் பேச்சுக்கு விடைகூற வேண்டியவராயினர். இதனை மறந்துவிட்டு அம்மையாரின் திரைப்படங்களை ஆராய்தல் பயனற்றது.

1936-ஆம் ஆண்டளவில் அவர் தாய்வீட்டை நீங்கிச் சென்னையில் வாழத் தலைப்பட்டார். செல்வர் ஒருவரின் ஆதரவில் மகளை அமர்த்தத் தாயார் விரும்பினார் என்றும், மகள் அதற்கு இணங்கவில்லை என்றும் வாழ்க்கை வரலாறு எழுதினோர் கூறுவர். தாயாரைக் கொடியவராகச் சித்திரிப்பது எமக்கு உடன்பாடன்று. அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றே. ஆனந்த விகடன் அலுவலகத்தில் பணியாற்றியவரும் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவருமாகிய தி. சதாசிவத்தின் தொடர்பு இக்காலத்தில் ஏற்பட்டது. அவரது முயற்சியினாலேயே முதற்படம் அமைந்தது.

1938-இல் வெளிவந்த அப்படம் சேவாசதனம். இயக்கியவர் கே. சுப்பிரமணியம். கைம்பெண்களின் துயரைப் பேசிய பாலயோகினி என்னும் படத்தை 1937-இல் அளித்தவர். தியாகபூமியை 1939-இல் அளித்தவர். சேவாசதனத்தின் மூலக்கதை பிரேம்சந்த் எழுதிய நாவல், எஸ். அம்புஜம்மாளின் தமிழாக்கத்தில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சீர்வரிசைக்குப் பொருளின்மையால் வயது முதிர்ந்த ஒருவருக்கு மணம்செய்விக்கப்படுகிறாள் ஓர் இளம்பெண். ஓரிரவு தாமதமாக வீடு திரும்பியமைக்காகக் கணவன் அவளை வெளியேற்றுகிறான். போக்கிடமின்றிக் கணிகையர் தெருவை அடையும் அவள், பின்னர் மீண்டு, கணிகையரின் பெண்மக்களுக்குக் கல்வி அளிக்கும் இல்லத்தில் தொண்டு செய்கிறாள். நாவலில் ஒரு கூர்மையான உண்மை உண்டு. வீட்டுக்குள் அடைபட்ட மனைவி, அயலில் வாழும் கணிகையைக் கற்றோரும் செல்வரும் தம் விழாக்களுக்கு மதிப்புடன் அழைப்பதைக் காண்கிறாள். கற்புடைய தனக்கு இல்லாத மதிப்பு அவளுக்கு எங்ஙனம் வந்தது எனத் திகைக்கிறாள். சமூகத்தின் இரட்டைநாவை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

இப்பாத்திரத்தை ஏற்று, சுமதி என்னும் பெயருடன் திரையில் தோன்றியவர் யார் என எண்ணுமிடத்துத்தான் இப்படத்தின் வரலாற்றுச் சிறப்புப் புலனாகும். இல்லறத்தினின்று கணிகையர் தெருவுக்குத் தள்ளப்பட்ட பெண்ணாக நடித்தவர், அதற்கு எதிர்த்திசையில், தேவதாசி மரபினின்று இல்லறம் நோக்கிச் சென்றுகொண்டிருந்த இருபத்திரண்டு அகவை நிரம்பாத மங்கை. படம் பார்த்த மக்களுள் மதுரை சண்முகவடிவின் மகளை அறியாதார் இருந்திருக்கலாம். அறிந்தார்க்கு அக்கதை இருமடங்கு பேசியிருக்கும். கணவனாக நடித்தவர் திருச்சிராப்பள்ளி நாடக உலகில் பெயர்பெற்ற எப். ஜி. நடேச ஐயர். பாடல்களைப் பாபநாசம் சிவன் இயற்றினார். புராணக் கதைகளே மலிந்திருந்த அக்காலத் திரையில், நிகழ்காலத் தமிழ்வீட்டின் முற்றத்தையும் அடுக்களையையும் காட்டி, பொருந்தா மணத்தைக் கண்டித்த படங்களுள் இது முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. அம்மையாருடைய நான்கு படங்களுள் சமகால வாழ்வைச் சித்திரித்தது இது ஒன்றே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அத்தகைய பாத்திரத்தை அவர் மறுமுறை ஏற்கவில்லை.

அடுத்த படமாகிய சகுந்தலை 1940-இல் வெளிவந்தது. அமெரிக்க நாட்டினராகிய எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். தமிழ் அறியாத இவர் 1936-இல் சதி லீலாவதியை இயக்கித் தமிழ்த்திரையில் நிலைபெற்றவர். முகத்தை அண்மையிலிருந்து காட்டும் கலையில் தேர்ந்தவர். துஷ்யந்தனாக நடித்தவர் சங்கீத வித்துவான் ஜி. என். பாலசுப்பிரமணியம். இசை வல்லார் இருவர் காதலர்களாகத் தோன்றியமையால் மக்கள் பாட்டுக்காகவே திரண்டனர் என்பதில் வியப்பில்லை. என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் ஆகியோரின் நகைச்சுவையும் உடனிருந்தது. காளிதாசன் கதையின் உயிர்நிலை அங்கீகாரம் என்னும் ஒன்றே. மோதிரம் தொலைந்தமையால் மனைவி மறக்கப்படுகிறாள். மகன் பரதன் தந்தையால் அறியப்படும்போது தாயும் தன் நிலையைப் பெறுகிறாள். அப்படத்தில் பரதனாக நடித்த குழந்தை, சதாசிவத்தின் முதல் மனைவியின் மகள் இராதா. அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள், மனைவியை இழந்திருந்த சதாசிவம் திருநீர்மலையில் சுப்புலட்சுமியை மணந்தார். திரையில் மகனாக நடித்த குழந்தை வீட்டிலும் மகளாயிற்று. கதைக்கும் வாழ்வுக்கும் உள்ள இவ்வொப்புமை வேண்டுமென்றே அமைக்கப்பட்டது எனக் கூற யாம் துணியோம்.

மூன்றாம் படமாகிய சாவித்திரி 1941-இல் வந்தது. ஒய். வி. ராவ் இயக்கினார். சாவித்திரியாக நடித்தவர் மராத்தி நடிகை சாந்தா ஆப்தே. தமிழ் கற்றுக்கொண்டு பேசி நடித்தார். சுப்புலட்சுமி ஏற்றது நாரதர் வேடம். பெண்பாலார் ஆண்வேடம் புனைதல் மேடைக்குப் புதிதன்று, கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தவர். ஆயினும், கதைத்தலைவியாக இருமுறை தோன்றிய ஒருவர் தம்பூரும் சடையுமாகத் துணைவேடம் ஏற்றது ஏன் என வினவலாம். விடை பொருளாதாரத்தில் உள்ளது. சதாசிவமும் எழுத்தாளர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியும் தனியே ஓர் இதழ் தொடங்க முற்பட்டிருந்தனர்; அதற்கு முதல் தேவைப்பட்டது. நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் அம்முதலாயிற்று. 1941 ஆகஸ்டில் கல்கி இதழ் வெளிவந்தது. பிற்காலத்தில் பார்த்திபன் கனவும் சிவகாமியின் சபதமும் பொன்னியின் செல்வனும் அவ்விதழின் பக்கங்களில்தாம் தொடர்ந்தன. தமிழ் நாவல் வரலாற்றை எழுதுவோர் இதனைக் குறித்தல் முறை. நடிகை ஒருவரின் உழைப்பூதியம் ஓர் இலக்கிய இதழின் அடித்தளமாயிற்று. பதிப்புலகம் அதற்குரிய நன்றியைப் போதிய அளவு தெரிவித்ததாக எமக்குத் தோன்றவில்லை.

1945 நவம்பரில் வெளிவந்த மீரா இறுதிப்படம். இதனையும் டங்கனே இயக்கினார். படப்பிடிப்பாளர் ஜிதன் பானர்ஜி. அம்மையாரின் முகத்துக்கு ஒளி எக்கோணத்தில் விழுதல் நன்று என அறியும்பொருட்டு, அவரது தலையுருவைச் சுண்ணச்சாந்தில் வார்த்து, அதன்மீது விளக்குகளை மாற்றி மாற்றி அமைத்துச் சோதித்தனர். சிற்பி கல்லைத் திருப்பித் திருப்பி நோக்குவதுபோன்ற உழைப்பு இது. இராசபுதனத்துக் கோட்டைகளிலும் நகரங்களிலும் பல காட்சிகள் எடுக்கப்பட்டன. மேவார் அரசனாக வி. நாகையா நடித்தார், எம். ஜி. இராமச்சந்திரன் ஒரு சிறுவேடத்தில் தோன்றினார். இசை எஸ். வி. வெங்கட்ராமன். பாடல்களுட் பல பாபநாசம் சிவனுடையவை. மிகப் புகழ்பெற்ற பாடல் கல்கி இயற்றியது. சிறுமி மீராவாக இராதா பாடத் தொடங்க, பாட்டு நடந்துகொண்டிருக்கையிலேயே அவள் வளர்ந்து சுப்புலட்சுமியாக மாறும் காட்சியை முதியோர் பலர் நெடுங்காலம் சொல்லி மகிழ்ந்தனர்.

மீராவின் கதை கணவனையும் அரண்மனையையும் நீங்கிய பெண்ணின் கதை. சேவாசதனத்துச் சுமதியும் வீட்டை நீங்கினாள். ஆனால் அவள் தள்ளப்பட்டாள், மீரா தானே சென்றாள். பலர்முன் பாடுதல் சுமதிக்கு இழுக்காயிற்று. மீராவுக்கு அதுவே வீடுபேறாயிற்று. ஏழாண்டு இடைவெளியில் ஒரே நடிகையின் குரல் இவ்விரு முனைகளையும் தொட்டது. பொதுமேடையில் பாடும் பெண்ணைத் தமிழ்ச்சமூகம் ஐயத்துடன் நோக்கிய காலத்தில், அவ்வையத்தைக் களையும் உருவம் ஒன்று மீராவின் வாயிலாகக் கிடைத்தது. மக்கள் நடிகையையும் பாத்திரத்தையும் வேறுபடுத்திக் காண மறந்தனர். மறக்குமாறு படமும் அதன் விளம்பரமும் செய்தன. இது தற்செயல் என்பாரோடு யாம் உடன்படோம். சதாசிவம் தேர்ந்த விளம்பர அறிவுடையவர். ஆயின், விளம்பரம் மட்டும் இதனைச் செய்திருக்கும் என்பதும் பிழை. அக்குரலில் அதற்குரிய தகுதி இருந்தது.

1947-இல் வெளிவந்த இந்தி மீராவின் தொடக்கத்தில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி, தென்னாட்டுப் பாடகியை வடநாட்டவர்க்கு அறிமுகம் செய்துவைத்தார். அவ்வாண்டிலேயே காந்தியடிகள் விரும்பியதற்கிணங்க மீராவின் பாடல் ஒன்றைப் பாடிப் பதிவுசெய்து அனுப்பினார். 1948 சனவரி 30-ஆம் நாள் அடிகள் கொல்லப்பட்டபின் வானொலியில் ஒலித்தது அப்பதிவு. தம் குரலை அத்தறுவாயில் கேட்டு அம்மையார் மயங்கி விழுந்தார் என்பர். அனுமந்தராயன் கோயில் தெருவினின்று தில்லி வரை நீண்ட வழி திரைப்படத்தின் வழியேதான் சென்றது என்பதற்கு இனிச் சான்று வேண்டா.

அதன்பின் அவர் நடிக்கவில்லை. கச்சேரி மேடைக்கே தம்மை ஒப்படைத்தார் என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். தொழில்நுட்பக் காரணமும் ஒன்றுண்டு. 1938-இல் நந்தகுமார் படத்தில் தொடங்கிய பின்னணிப் பாடல்முறை 1940-களின் இறுதியில் வேரூன்றிவிட்டது. பாடத் தெரிந்தவரே நடிக்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்கியது; ஆடவும் பேசவும் வல்ல புதிய நடிகையர் வந்தனர். கச்சேரி மேடையினர் திரையினின்று ஒருவர்பின் ஒருவராக விலகினர். தக்க காலத்தில் விலகிய அவருக்கு, விலக்கப்படும் துயரம் நேரவில்லை.

அவர் காலத்துப் பிற நடிகையரோடு ஒப்பிட்டால் இதன் பயன் விளங்கும். டி. பி. இராஜலட்சுமி 1936-இல் மிஸ் கமலா என்னும் படத்தைத் தாமே எழுதி இயக்கினார். அத்துணைத் துணிவுடையவர் 1964-இல் மறைந்தபோது அவரை நினைத்தார் சிலரே. கே. பி. சுந்தராம்பாள் 1953-இல் ஔவையாராகத் தோன்றி, துறவுக்கோலம் ஒன்றினாலேயே பொதுமக்கள் மதிப்பை நிலைநிறுத்திக்கொண்டார். நடிகையாகவே நின்ற பெண்ணுக்குத் தமிழகம் கைதட்டலை அளித்தது. மதிப்பை அளிக்கத் தயங்கியது. 1968-இல் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதற் பெண்மணியாக அம்மையார் மேடையேறியபோது, அவர் ஒருகாலத்தில் நடிகை என்பதை அவையினர் ஏறத்தாழ மறந்திருந்தனர். அம்மறதிக்குள் சண்முகவடிவின் வீடும் சேர்ந்து மறைந்தது. புனித உருவம் ஒன்றை எழுப்புவோர் அதன் அடித்தளத்து மண்ணை மூடிவிடுதல் இயல்பே. ஆராய்ச்சியாளர் அம்மண்ணை அகழ்தல் கடன்.

இதற்குரிய மூலங்கள் இன்றும் முற்றும் அழிந்துவிடவில்லை. படம் பார்க்க வந்தோர்க்குக் கொட்டகை வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களில் கதைச்சுருக்கமும் நடிகர் பெயர்களும் பாடல்களும் அச்சாகியிருந்தன. மதுரையிலும் சுற்றூர்களிலும் பழைய வீடுகளின் பரண்களில் சேவாசதனம், சகுந்தலை ஆகியவற்றின் பாட்டுப் புத்தகங்கள் எவரிடமேனும் இருப்பின், அவற்றைத் துறை நூலகத்துக்கு அளித்துதவுமாறு வேண்டுகிறோம். படியெடுத்தபின் அவற்றை உரியவரிடம் திருப்பித் தருவோம்.